ஐம்பத்தொன்றிலிருந்து அறுபது வரை

2024 மார்ச் 12ஆம் திகதி, பீலெஃபெல்ட்டின் தெற்குப் புறத்தில் உள்ள உறையவைத்த கேக் தொழிற்சாலை ஒன்று, பொதியிடும் பிரிவில் முப்பது பேரை அந்த வருடத்துக்குள் குறைக்கப்போவதாக அறிவித்தது. அறிவித்தல் உணவறைச் சுவரில், அந்த வார மதிய உணவுப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

நிருஷா அதே தொழிற்சாலையின் ஆளணி அலுவலகத்தில் எட்டு வருடமாக இருக்கிறாள். சம்பளக் கணக்கு, விடுமுறை, சுகயீனக் கடிதங்கள் எல்லாம் அவள் கையால்தான் போகும். அலுவலகத்தில் அவளுக்கு மேலே உள்ள பதவி மூன்று முறை வெற்றிடமானது. மூன்று முறையும் வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். மாஸ்டர் பட்டம் இருந்தால் வேறு கதை என்று தலைவர் டீமன் ஒவ்வொரு முறையும் சொன்னார். அதனால் முப்பத்திரண்டாவது வயதில் மனிதவள முகாமைத்துவத்தில் மேற்படிப்புக்குப் பதிந்தாள். வெள்ளி மாலை வேலை முடிந்ததும் மூன்ஸ்டருக்கு ரயில் ஏறுவாள். அன்றிரவும் சனி முழுவதும் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்ப்பதற்கும் வாசிப்பதற்கும் இடையில் போய்விடும். இப்படியே இரண்டு வருடம் கழிந்து, ஆய்வேடு மட்டும் மிச்சமாக இருந்தது.

அறிவித்தல் ஒட்டிய மறுநாள் டீமன் அவளைக் கூப்பிட்டார். யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கும் சட்டகத்தை அவளே தயாரிக்கலாம், அதையே ஆய்வேடாகவும் எழுதலாம் என்றார். பேராசிரியருக்கும் மகிழ்ச்சி. மாணவர்களுக்கு உண்மையான தொழிற்சாலை ஒன்று இப்படிக் கையில் கிடைப்பது அரிது என்றார். நிருஷாவுக்கும் அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஜெர்மனியில் முதலாளி தனக்குப் பிடிக்காதவரைப் பார்த்து அனுப்பிவிட முடியாது. வயது, சேவைக்காலம், தங்கி வாழும் பிள்ளைகள், உடல் ஊனம் ஆகியவற்றுக்குப் புள்ளி போட வேண்டும். புள்ளி குறைந்தவர் முதலில் போவார். ஆனால் அப்படியே செய்தால் இளையவர்கள் எல்லாரும் போய் முதியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அதற்காக ஆட்களை வயதுப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சிலரை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வழக்கம் போலப் பத்துப் பத்து வருடமாக நிருஷா பிரித்தாள். இரண்டாம் அத்தியாயத்தில் இதைத் தெளிவாக எழுதியிருந்தாள். பேராசிரியர் ஓரத்தில் நன்று என்று குறித்திருந்தார்.

பெயர்களைப் போட்டுப் பார்த்தபோது, ஐம்பத்தொன்றிலிருந்து அறுபது வரையான பிரிவில் போக வேண்டிய எட்டுப் பேரில் கடைசிப் பெயர், பதினாறு வருடமாக அங்கே கேக் பொதியிடும் சாந்தாவுடையது.

சாந்தாவின் ஆளணிக் கோவையில் பதிந்திருக்கும் வயது ஐம்பத்தாறு. உண்மையான வயது அறுபத்தொன்று. இது ஒளித்து வைத்த விஷயம் அல்ல. முந்தைய வருடம்தான் மண்டபம் எடுத்து, பட்டுடுத்தி, கேக் வெட்டி, அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடினார். பொதியிடும் பிரிவே திரண்டு போயிருந்தது. டீமனும் மனைவியோடு பூங்கொத்துக் கொண்டுபோனார். திங்கட்கிழமை அவர் சாந்தாவின் கோவையைத் திறந்து பார்த்துவிட்டு, உங்கள் நாட்டில் ஐம்பத்தைந்துக்குத்தான் அறுபது என்று சொல்வார்களா என்று நிருஷாவிடம் கேட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சாந்தா 1985இல் ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி, கிழக்கு பெர்லினில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். அப்போது இருபத்திரண்டு வயது. பதினெட்டுக்குக் குறைந்தவர்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் சொல்லியிருந்தார். அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்ததும் பொலிஸ்காரர் வயதைக் கேட்டபோது பதினேழு என்று சாந்தா சொன்னார். அன்று எழுதப்பட்ட அந்த வயது பிறகு வதிவிட அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் ஓய்வூதிய இலக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

உணவறையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, சாந்தாவோடு ஒரே வரிசையில் வேலை செய்யும் லூர்தம்மாதான் தொடங்கினாள்.

“பதினேழு எண்டு சொல்லேக்கை கண்ணாடி பாக்கேல்லையோ அக்கா?”

“அந்தப் பிளேனிலை வந்த பெட்டையள் எல்லாரும் பதினேழுதானடி,” என்றார் சாந்தா. “மீசை வைச்ச பதினேழும் இருந்தது.”

நிருஷாவும் அந்த மேசையில் இருந்தாள். சாந்தாவின் பெயர் எங்கே விழுந்திருக்கிறது என்பது அப்போது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

அடுத்த கிழமை சட்டப் புத்தகங்களோடு டீமனிடம் போனாள். சரியான வயது தெரிந்த முதலாளி பதிவில் உள்ள பிழையான வயதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று வாதாடினாள். அறுபதுக்கு மேற்பட்ட பிரிவில் ஆட்கள் குறைவு, அங்கிருந்து யாரும் போகத் தேவையில்லை, சாந்தா அங்கே இருக்க வேண்டியவர் என்றாள். டீமன் பொறுமையாகக் கேட்டார். தொழிற்சாலையின் வழக்கறிஞரிடமும் விசாரித்தார். அரச பதிவில் உள்ள திகதியைத் தாங்களாக மாற்றினால், சாந்தாவின் இடத்தில் அனுப்பப்படுகிறவர் வழக்குப் போடுவார் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். பதிவு மாறினால் தாங்களும் மாற்றத் தயார் என்றார் டீமன். சாந்தாவின் பிறந்தநாள் சாப்பாடு இன்னும் நினைவிருக்கிறது, மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார். வருத்தம் உண்மையானது போலத்தான் இருந்தது.

எந்த வயதுக் கோடுகளுக்குள் பெயர் விழுந்திருக்கிறது என்று சாந்தாவிடம் சொல்லிவிட்டு, நிருஷாவே ஓய்வூதிய அலுவலகத்தில் அதிகாரியைச் சந்திக்க டேர்மின் எடுத்துக் கொடுத்து, விடுப்புப் போட்டு, சாந்தாவோடு போனாள். முதல் முறை சொன்ன பிறந்த திகதியை மாற்ற வேண்டுமானால், அப்படிச் சொன்ன நாளுக்கு முன்பே எழுதப்பட்ட பத்திரம் ஒன்று வேண்டும். சாந்தாவின் பிறப்புப் பதிவு இருந்த அரசாங்க அலுவலகமான கச்சேரி சண்டையில் எரிந்துபோனது. அவர் கையில் இருந்தது 1994இல் தாயார் சத்தியக் கடதாசி கொடுத்து எடுத்த பத்திரம். அதிகாரி அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மேன்முறையீடு செய்யலாம், ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார்.

வெளியே பஸ் தரிப்பில் நின்றபோது சாந்தா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். கடதாசிப்படி அவர் அறுபத்தேழில் ஓய்வூதியம் எடுக்கும்போது உண்மையில் எழுபத்திரண்டு வயதாகியிருக்கும்.

“இந்த வயசிலை என்னை ஆர் பிள்ளை வேலைக்கு எடுப்பினம்? ஐம்பத்தாறு எண்டு சொன்னாலும் எடுக்கமாட்டினம், அறுபத்தொண்டு எண்டு சொன்னாலும் எடுக்கமாட்டினம்.”

நிருஷா பஸ் நேர அட்டவணையைப் பார்த்தாள்.

“நீ என்னத்தையோ படிக்கிறாய் எண்டு சொன்னவை. என்ன அது?”

“ஆக்களை வேலைக்கு எடுக்கிறது, பழக்குறது, வைச்சிருக்கிறது. அதைப் பற்றித்தான் அன்ரி.”

“அனுப்புறதும் அதுக்குள்ளைதானே?”

“ஓம். அதுவும் ஒரு பாடம்.”

சாந்தா தலையாட்டினார். அதில் குத்தல் ஒன்றும் இருக்கவில்லை. பஸ் வந்தபோது, ஏறுவதற்கு முன்பு கேட்டார்.

“அந்தக் கோட்டை நீதானே கீறினனீ. ஒரு அஞ்சு வருசம் அங்காலை இங்காலை அரக்கி வைக்க ஏலாதே?”

ஏலும். சட்டம் பத்து வருடம் என்று எங்கும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை மூன்ஸ்டரில், மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு நிருஷா எல்லைகளை நகர்த்திப் பார்த்தாள். அறுபதில் இருந்த கோட்டை ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்தாள். கீழே உள்ள கோடுகளும் ஐந்து ஐந்து வருடம் இறங்கின. சாந்தா மூத்தவர்களின் பிரிவுக்குள் போனார். அங்கே அவருக்குக் கீழே புள்ளி குறைந்தவர்கள் இருந்தார்கள். பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விட்டது. நாற்பத்தாறிலிருந்து ஐம்பத்தைந்து வரையான பிரிவில் புதிதாக ஒரு பெயர் வந்திருந்தது. லூர்தம்மா. நாற்பத்தொன்பது வயது, ஏழு வருடச் சேவை, பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி.

மூன்று வருடம் நகர்த்திப் பார்த்தாள், நான்கு வருடம் நகர்த்திப் பார்த்தாள். மூன்றில் சாந்தா பட்டியலுக்குத் திரும்ப வந்தார். நான்கில் சாந்தாவும் இல்லை, லூர்தம்மாவும் இல்லை, நிருஷாவுக்குப் பழக்கமில்லாத ஒரு போலந்துப் பெண் இருந்தாள். ஆனால் ஐம்பத்தேழில் ஏன் ஒரு பிரிவு தொடங்க வேண்டும் என்று எந்த நீதிமன்றத்திலும் ஒருவராலும் விளக்க முடியாது. எந்தப் பேராசிரியரிடமும் விளக்க முடியாது. போலந்துப் பெண்ணின் கோவையைத் திறக்க நிருஷா கையைக் கொண்டுபோய், திறக்காமல் விட்டாள்.

திங்கட்கிழமை சாந்தா அவளை உணவறை வாசலில் பிடித்தார்.

“அரக்கிப் பாத்தனியோ?”

“பாத்தனான் அன்ரி.”

“அரக்கினா ஆர் போகினம்?”

“வேறை ஒரு ஆள்.”

“எங்கடை ஆளோ?”

மற்றவர்களின் பெயரை நிருஷா வெளியில் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. உள்ளே லூர்தம்மா யாரையோ கேலி செய்து சிரிக்கும் சத்தம் கேட்டது. சாந்தா அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, “சரி, விடு,” என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு போனார்.

ஆனால் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். ஆரெண்டாலும் பரவாயில்லை பிள்ளை, கோட்டை அரக்கு என்றார். மற்றவர்களுக்கு இன்னும் வயதிருக்கிறது, எங்காவது பிழைத்துக்கொள்வார்கள் என்றார். பிறகு அழுதார். நிருஷா தொலைபேசியைக் காதில் வைத்தபடி சமையலறையில் நின்றாள். முடிந்தால் செய்வேன் அன்ரி என்றாள். செய்யப் போவதில்லை என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. சாந்தாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

பத்து வருட எல்லைகளோடு சட்டகம் தொழிலாளர் பிரதிநிதிகளின் மன்றத்துக்குப் போனது. மன்றம் இரண்டு கூட்டங்களில் ஏற்றுக்கொண்டது. ஜூன் கடைசியில் கடிதங்கள் கொடுக்கப்பட்டன. பதினாறு வருடச் சேவைக்கு ஆறு மாத முன்னறிவித்தல் என்பதால் சாந்தா தொடர்ந்து வேலைக்கு வந்தார். காலையில் அலுவலக யன்னலைத் தாண்டிப் போகும்போது முன்பு போலக் கை காட்டுவதில்லை. சுகயீன விடுப்பும் எடுக்கவில்லை.

ஒக்டோபரில் ஆய்வேட்டுக்கான நேர்முகப் பரீட்சை நடந்தது. எல்லைகளை மாற்றினால் என்ன ஆகும் என்று பேராசிரியர் கேட்டார். வேறு எல்லைகளையும் சோதித்துப் பார்த்ததாகவும், தனிப்பட்ட சிலருடைய முடிவு மாறுகிறது, மொத்த முடிவு மாறவில்லை என்றும் நிருஷா பதில் சொன்னாள். பேராசிரியர் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவளுக்கு மிக நல்ல பெறுபேறு கிடைத்தது.

டிசெம்பர் 31ஆம் திகதியுடன் சாந்தாவின் வேலை முடிந்தது. ஜனவரியில் நிருஷா மேல் பதவிக்கு வந்தாள். தொழிற்சாலையின் இரண்டாவது கிளையில் நாற்பது பேரைக் குறைப்பதற்கான சட்டகம் அவளுடைய முதல் வேலையாகக் கொடுக்கப்பட்டது.