ஓரத்தைத் தூக்கிப் பார்க்காத மூன்று மாதம்

மரச்சாமான் பட்டறைப் பசைக்காரர் பலகையில் ஒட்டிய மைக்காத் தகடு பெயர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு குடித்தனக்காரர் வீடு மாறும்போது அலமாரிக் கதவின் மைக்காவை மட்டும் உரித்துக்கொண்டு போகப் பார்த்தார். கதவு வந்தது, அலமாரி வந்தது, சுவரும் வந்தது. அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தார். இதைச் சொன்னவர் பசைக்காரரேதான் என்றாலும் பட்டறையில் மறுத்தவர் யாருமில்லை.

அப்பேர்ப்பட்டவரின் கண்ணில் தோல் ஒட்டவில்லை.

மைக்கா விளிம்பு ஒன்று வலது கருவிழியைக் கீறிவிட்டுப் போனது. கீறல் ஆறியது. அதற்குப் பிறகுதான் வினை: காலையில் இமையைத் திறந்தால், விழியின் மேல்தோல் இமையோடு சேர்ந்து உரிந்து வந்தது. உயிர் போய்த் திரும்பியது.

"ஐயா, கருவிழி மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு. அதைக் கீழ இருக்கிற படலத்தோட பிடிச்சு வைக்கிறது சில புரதங்கள்தான். உங்களுக்குத் தோல் வளருது, புரதம் பிடிக்க மாட்டேங்குது" என்றார் கண் டாக்டர்.

"அதாவது என் கண்ணுல மட்டமான பசை."

"அப்படியும் சொல்லலாம்."

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்லாத சொல்.

தளர்ந்த தோலை எடுத்துவிட்டு, கீழ்ப்படலத்தில் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தினார் டாக்டர். சொரசொரப்பாக இருந்தால்தான் புதுத்தோல் பிடிக்குமாம். பசைக்காரருக்கு அவர்மேல் மரியாதை வந்தது. பலகையைக் கீறாமல் பசை தடவுகிறவனை அவர் மனுஷனாகவே மதித்ததில்லை.

மேலே ஒரு காப்பு லென்ஸை வைத்து, "கண்ணுல கையே வைக்கக் கூடாது. தோல் மூட ஒரு வாரம், புரதம் கெட்டியாப் பிடிக்க மூணு மாசம்" என்றார் டாக்டர்.

மூன்று மாத லீவு என்று கேட்டதும் பட்டறை மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "வயசாச்சுண்ணே. வாசல்ல ஸ்டூல் போட்டுத் தர்றேன், வர்ற போற வண்டியை எழுதிக்கிட்டு உக்காருங்க. பசை மேசைக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்."

"மூணு மாசம் கழிச்சு அதே மேசைக்கு வருவேன். அதுக்குள்ள எவனாவது அதைத் தொட்டா, தொட்ட கை அங்கேயேதான் இருக்கும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவர் நான்காம் நாளே கோட்டைவிட்டார். எதை ஒட்டினாலும், காய்ந்ததா என்று நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். கண் லேசாக உறுத்தியது. விரல் தானாகப் போய் லென்ஸின் ஓரத்தைத் தூக்கியது. லென்ஸ் வந்தது. தோலும் வந்தது.

மறுபடி முதலிலிருந்து. டாக்டர் திட்டவில்லை, அதுதான் வலித்தது.

"கையைக் கட்டிப் போட்டுரவா?" என்றார் மனைவி.

"கட்டுறதா? முப்பத்தஞ்சு வருஷமா நான் சொன்னதைக் கேட்ட விரல். இப்பவும் கேக்கும்."

கேட்கவில்லை. ஆனால் அவரும் விடவில்லை. தினமும் காலையில் கண்ணைத் திறக்காமலே படுத்திருப்பார். மனைவி ஓரமாகச் சொட்டு மருந்து விடுவார். அது உள்ளே கசிந்து இறங்கும்வரை காத்திருப்பார். விரல் எழும்பும். "போடா கழுதை, கீழ போ!" என்று தொடைக்கடியில் செருகுவார். ஏமாந்த விரல்கள் வீட்டில் வேறு ஓரங்களைத் தேடின. காலண்டர் போனது. மருந்து பாட்டில்களில் ஒரு லேபிள் மிச்சமில்லை. எது எந்த மருந்து என்று மனைவி மூடியில் பேனாவால் எழுதிவைத்தார். கண்ணின் ஓரத்தை மட்டும் யாரும் தூக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டர் விழியில் சாயம் விட்டு, நீல விளக்கில் வெகுநேரம் பார்த்தார்.

"பிடிச்சிருச்சு ஐயா."

"ஓரம்?"

"பஞ்சால தொட்டுப் பாத்தேன். அசையலை."

பசைக்காரர் நேரே பட்டறைக்குப் போனார். வாசலில் அவருக்காகப் போட்டிருந்த ஸ்டூலைத் தூக்கிப் பசை மேசைமேல் வைத்தார். கீறி, தடவி, மைக்கா ஒட்டி, மேலாளர் அறையில் கொண்டுபோய் இறக்கினார்.

"தூக்கிப் பாருங்க தம்பி."

மேலாளர் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினார்.

அந்த நகம் இன்னும் ஸ்டூலில்தான் இருக்கிறது. பசை மேசையில் பசைக்காரர் இருக்கிறார்.