பேபியம்மாளின் அடக்க ஆராதனை

பேபியம்மாள் செத்த அன்று முடிச்சூர் தெருமுனையில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனரில் மகன் பெயரைவிட மகள் பெயர்தான் பெரிதாக இருந்தது. ‘அருட்திரு. ஜெரூஷா’ என்று மஞ்சள் எழுத்தில், அங்கி போட்ட படத்தோடு. அடிக்கக் கொடுத்தவன் அண்ணன் சாலமன். தங்கை குருப்பட்டம் வாங்கியது அவனுக்குப் பேனரில் பெருமை, கல்யாணப் பத்திரிகையில் பெருமை, பிளாட் வாங்க வருகிறவர்கள் முன்னால் பெருமை. ரியல் எஸ்டேட்காரன் அல்லவா, எதை எங்கே காட்டினால் செல்லும் என்று அவனுக்கா தெரியாது.

பேனரைப் பார்த்ததும் ஜெரூஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதைப் பற்றிச் சண்டை போட அவளுக்கு மனசில்லை. அன்றைக்கு அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மாவை அவள் கையால் அடக்கம் பண்ண வேண்டும். அங்கி போட்டுக் குழியருகே நின்று, அவளே ஜெபம் சொல்ல வேண்டும். அதுகூட அவளாக ஆசைப்பட்டதில்லை, அம்மா கேட்டது.

இத்தனைக்கும் இந்த அம்மா லேசுப்பட்டவள் இல்லை. மகள் இறையியல் படிக்கப் போகிறேன் என்றபோது, “பொட்டப்புள்ள பிரசங்கம் பண்ணி இன்னா ஆவப்போவுது? உன்ன எவன் கட்டுவான்?” என்று சோறு தின்னாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவள். பட்டம் வாங்கிய புதிதில் மகள் நற்கருணைக் கிண்ணத்தோடு வந்தபோது, நைசாக நழுவி, சபையார் ஐயர் என்று கூப்பிடும் ஆண் போதகர் பக்கம் போய் முழங்கால் போட்டவள். ஜெரூஷா அந்த ஞாயிறு அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு அம்மாவுக்குக் கிட்னி போனது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஐயர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜெபித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஜெரூஷா தன் சபை வேலையை முடித்துவிட்டு மதுராந்தகத்திலிருந்து பஸ் ஏறி வந்து கூடவே கிடந்தாள். கடைசியில் ஒருநாள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “என் குழியாண்ட நீதான் நிக்கணும் ஜெரூஷா. வேற எவனும் வாணாம்.” சாலமன் அப்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். காது நன்றாகவே கேட்கும் அவனுக்கு.

அதே சாலமன்தான் இப்போது சபைச் செயலாளர் எலியேசரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

எலியேசர் மின்வாரியத்தில் இருந்து ரிடையர் ஆனவர். மென்மையான மனிதர், குரல் உயர்த்தவே மாட்டார். “எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லம்மா. நம்ம சபை முற்போக்கான சபை. மகளிர் ஞாயிறு அன்னிக்குப் பிரசங்கமே லேடீஸ்தான் பண்றாங்க. ஆனா கல்லறைன்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, பாருங்க. வீட்டு ஜெபம் நீங்க பண்ணுங்க. கல்லறைல நம்ம டேனியல் ஐயர் பாத்துக்கட்டும்.”

“அம்மாவே கேட்டாங்க சார். இவனுக்குத் தெரியும்.”

“மருந்து மயக்கத்துல அம்மா ஏதோ சொல்லுச்சு” என்றான் சாலமன். “சம்பந்தி வூட்டுக்காரங்கல்லாம் வந்துகினு இருக்காங்க. இந்த நேரத்துல பேஜார் பண்ணாத.”

ஜெரூஷா ஃப்ரீசர் பெட்டியைப் பார்த்தாள். பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவள் என்ற பேர் வேண்டாம் என்று பட்டது. சரி என்று தலையாட்டினாள். சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று அவளே எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறாள்! அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கல்லறைக்குப் போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்தது. கார்த்திகை மழை, அதுவும் முடிச்சூர் மழை. தோண்டிய குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. குழி வெட்டுகிறவர்கள் பக்கெட்டால் இறைக்க இறைக்க அது ஊறிக்கொண்டே இருந்தது. டேனியல் ஐயரைக் காணோம். கூடுவாஞ்சேரிக்கு ஒரு கூட்டத்துக்குப் போனவர் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டார். எலியேசர் போன்மேல் போன் போட்டார்.

“வண்டி நகரவே மாட்டேங்குதாம்.”

“சார், இன்னும் லேட் பண்ணீங்கன்னா பொட்டி மெதக்கும்” என்றான் குழிக்குள் நின்றவன்.

கூட்டம் முழுதும் ஜெரூஷாவைப் பார்த்தது. அம்மா, நீ கேட்டது நடக்கப்போகிறது என்று நினைத்தாள். பையைத் திறந்து அங்கியில் கை வைத்தாள்.

எலியேசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். “அடக்க ஆராதனை ஆர்டர் எல்லாம் ஜெபப் புத்தகத்துல இருக்குல்ல. நானே வாசிச்சிடறேன்.”

“நான் இருக்கேனே சார்.”

“நீ சும்மா இரு” என்றான் சாலமன். “இத்தினி ஆம்பளைங்க நிக்கறப்ப நீ எதுக்கு?”

அடப்பாவிகளா! பிஷப் கை வைத்துப் பட்டம் கொடுத்த ஐயர் அங்கே மழையில் நிற்கிறாள். கரண்ட் பில் பார்த்து ரிடையரான மனிதர் அடக்க ஆராதனை நடத்துகிறார். ஒருத்தருக்கும், ஒரே ஒருத்தருக்கும், அது தப்பாகத் தெரியவில்லை. பெண்கள் எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்தார்கள். பையிலிருந்து கையை எடுக்க வேண்டும் என்றுகூட ஜெரூஷாவுக்குத் தோன்றவில்லை.

எலியேசர் தடுமாறித் தடுமாறி வாசித்தார். நனைந்த பக்கங்கள் ஒட்டிக்கொண்டு ஒரு ஜெபம் முழுசாக விட்டுப்போனது. பெட்டி சேற்றுத் தண்ணீரில் இறங்கியது. சாலமன் முதல் பிடி மண் போட்டான். மற்றவர்களும் போட்டார்கள்.

எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் எலியேசர் நின்றுவிட்டார். சபை ஒழுங்கில் அவர் ரொம்பக் கறார். பட்டம் இல்லாதவன் கை தூக்கி ஆசீர்வாதம் சொல்லக்கூடாது. மேய்ப்பரின் ஆசீர்வாதம் வாங்காமல் கல்லறையை விட்டுப் போவது இந்த ஜனத்துக்கும் ஆகாது. அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு ஜெரூஷாவைப் பார்த்தார்.

“ஆசீர்வாதம் மட்டும் நீங்க சொல்லிடுங்கம்மா. எனக்கு அதிகாரம் இல்ல.”

ஜெரூஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அது வாய்வரை வரவில்லை.

“இப்ப நான் ஐயரா சார்?”

“அப்பிடிக் கேக்காதீங்கம்மா. எல்லாரும் நனையறாங்க.”

“ஆசீர்வாதம் எங்கம்மாவுக்கு இல்ல சார். அது இங்க நிக்கறவங்களுக்கு.” அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. “அம்மாவுக்கு நான் செய்ய வேண்டியதை உங்களுக்குக் குடுத்தாச்சு. உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. கிருபை ஜெபத்தைச் சொல்லி முடிங்க. அதை யார் வேணா சொல்லலாம்.”

கூட்டம் திகைத்துப் போயிற்று. ஒரு அத்தை, “ஐயோ கர்த்தாவே” என்று மார்பில் கை வைத்தாள். எலியேசர் கிருபையை அவசர அவசரமாக முணுமுணுத்து முடித்தார்.

“பாத்தீங்களா சார்?” என்றான் சாலமன், எல்லார் காதிலும் விழும்படி. “இதுக்குத்தான் பொம்பளைங்க கைல அங்கியக் குடுக்கக் கூடாதுன்றது. கோவம் வந்தா ஆசீர்வாதத்தயே நிறுத்திடுவாங்க.”

சிலர் தலையாட்டினார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இது பேசப்படும், அடுத்து பட்டத்துக்கு நிற்கிற பெண்ணின் தலையில் இது விடியும் என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. குடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைத் தாண்டின.

குழி வெட்டுகிறவர்கள் மண்ணைத் தள்ளி மட்டம் செய்தார்கள். ஜெரூஷா அங்கியை எடுத்து, மழையிலேயே மாட்டிக்கொண்டு, பொத்தான்களைப் போட்டாள். வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? அடக்கத்தின் வார்த்தைகளை எலியேசர் வாசித்து முடித்துவிட்டார். ஒரு சவத்தை இரண்டு தரம் அடக்கம் பண்ண ஜெபப் புத்தகத்தில் இடமில்லை.

காலையில் அந்த ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கத்தியிருக்க வேண்டும், ஊரே காறித் துப்பினாலும் கத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. கோபம் வந்தது, நேரம் தப்பி வந்தது. அவர்களுக்கு ஆசீர்வாதம் இல்லை என்று சொல்ல முடிந்தவளால், அம்மாவுக்காக மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

“யம்மா, கல்லறை கேட்ட மூடணும்” என்றான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன். அவள் அங்கியோடு மண்டி போட்டு, “மன்னிச்சிரும்மா” என்றாள்.