பக்கம் சாயாத அண்ணன்

மிருணாளினியை வேண்டாம் என்று சொல்லக் கிளப்புக்குக் கால்மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. கோச் டேரன் தன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். திரையில் பாதிக் கூடைப்பந்து மைதானம். அவள் பந்தை எறிந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகள், அம்மை போட்ட முகம் மாதிரி. உன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, எண்கள் சொல்வதைத்தான் கேட்கிறேன் என்றான். அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் இல்லை. கையை நீட்டினான், அவளும் குலுக்கினாள். அப்படிக் குலுக்கியதை நினைத்துத்தான் மெல்பேர்ண் புறநகரான நோபிள் பார்க்குக்கு ரயிலில் வரும்போது அவள் அந்தக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எண்கள் சொல்கின்றனவாம். அவற்றுக்கு வாய் வைத்து விட்டவன் வேறு யாருமல்ல, அவளுடைய சொந்த அண்ணன் பிரஷாந்தன். புள்ளிவிபரவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு, வேலையில்லாமல் வீட்டுக் கதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவனை, இவன் கெட்டிக்காரன், ஒருமுறை பாருங்கள் என்று டேரனிடம் கூட்டிப் போய், கிளப்பில் பகுதிநேர வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

அவளுடைய ஆட்டம் கூடைக்குப் பக்கத்திலும் இல்லை, தூரத்திலும் இல்லை, நடுவில் இருந்தது. மறிக்க வருபவளுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டென்று திரும்பி எறிவாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்த எறிக்குச் சனம் எழும்பி நின்று கைதட்டியது. பிறகு கணக்கு வந்தது. நடுவில் நின்று பத்து எறிந்து நாலு விழுந்தால் எட்டுப் புள்ளி. தூரக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று, அதனால் மூன்றே விழுந்தாலும் ஒன்பது. சின்னப் பிள்ளையும் போடக்கூடிய இந்தக் கணக்கு அமெரிக்காவில் தொடங்கி, உலகம் முழுக்க ஓடி, மெல்பேர்ண் வரைக்கும் வந்துவிட்டது. நடுவில் எறிகிறவளைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கினார்கள்.

போன வருடம் டேரன் அவளையும் வெளியே போய் எறியச் சொன்னான். அவள் மறுக்கவில்லை. குளிர்காலம் முழுக்கப் பயிற்சி செய்து, பழகிய கையை உடைத்து வேறு கை செய்தாள். தோள் வீங்கியது, ஐஸ் வைத்தாள், திரும்பவும் எறிந்தாள். பத்துக்கு இரண்டு விழுந்தது, அதற்குமேல் வரவில்லை. சோறு சமைக்கிறவளைக் கூப்பிட்டுக் கேக் செய்யச் சொல்லிவிட்டு, பிறகு பேக்கரிக்காரியின் கேக்கைப் பக்கத்தில் வைத்து, உன்னுடையது சுமார் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரஷாந்தன் வழக்கம்போல அம்மா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அம்மா யோகராணி குசினியிலிருந்து கணவாய்க் கறியைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் கறியையே பார்த்தான். விஷயம் அவனுக்கு முன்னமே தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றாள் மிருணாளினி.

"போன கிழமை. சொல்லக்கூடாது, கொன்ஃபிடென்ஷல்."

"தங்கச்சியிட்டயும் கொன்ஃபிடென்ஷலோ?"

"மிருணா, நான் உனக்கு எதிரா ஒண்டும் எழுதேல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் செய்தனான்."

அவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். மூன்று நாளாக மனத்துக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"நான் நடுவில பந்தோட நிண்டா என்னை மறிக்க ரெண்டு பேர் ஓடி வருவினம். அப்ப வெளியில எங்கட ஆள் ஒருத்தி தனிய நிப்பாள். நான் குடுக்க அவள் ஆறுதலா எறிவாள். உங்கட அந்த மூண்டு புள்ளி எனக்குள்ளால தான் வருது. அது கணக்கில வந்ததோ?"

பிரஷாந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். விரல்கள் சோற்றுக்குள் அப்படியே நின்றன.

"கேக்கிறன், அண்ணா."

"ஓம். போட்டுப் பாத்தனான். நீ நிக்கேக்க மற்ற ஆக்களின்ர எறி நல்லாக் கூடுது. டீமில உனக்குத்தான் ஆகக் கூட வந்தது."

"பிறகு?"

"கணக்கில இருந்து எடுத்திட்டன்."

"எல்லாருக்குமோ?"

அவன் தண்ணீர் குடித்தான். "உனக்கு மட்டும்."

யோகராணி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஆகக் கூட உனக்கு வந்திருக்கு எண்டு நான் கொண்டுபோய்க் குடுத்தா, தங்கச்சிக்கு எண்டு போட்டிருக்கிறான் எண்டுதானே சொல்லுவாங்கள். அங்க வேலை செய்யிற ஆக்களில நான் ஒருத்தன்தான் தமிழன். அந்தப் பேர் வந்தா பிறகு என்ர ஒரு கணக்கையும் நம்பமாட்டாங்கள்."

"அவன் நேர்மையா இருக்கப் பாத்திருக்கிறான், பிள்ளை," என்றாள் யோகராணி மெதுவாக.

"நேர்மை எண்டு சொல்லாதேங்கோ, அம்மா. பயம் எண்டு சொல்லுங்கோ!"

மிருணாளினிக்குக் கிளப் நினைவுக்கு வந்தது. டேரனுடைய அக்காவின் மகன்தான் அங்கே துணைக் கோச். பந்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவனுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அதை ஒருவரும் பக்கச்சார்பு என்று சொன்னதில்லை, குடும்பம் மாதிரியான கிளப் என்று பெருமையாகச் சொன்னார்கள். நம்முடைய ஆள் ஒருவன் உள்ளே போனால் மட்டும், தன் ஆளுக்குக் கதவைத் திறந்து பிடித்தான் என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்து, தங்கச்சியின் கையையே நசுக்கிக் கதவைச் சாத்துகிறான். அதுக்கு நேர்மை என்று பேர் வேறு வைத்துக்கொள்கிறான். இந்த வருத்தத்துக்கு எந்த நாட்டில் மருந்து இருக்கிறது?

"இப்ப டேரனுக்குப் போன் எடு. அவனிட்டச் சொல்லு. ஸ்பீக்கரில போடு."

"சண்டேயில எப்பிடி..."

"எடு!"

அவன் இடது கையால் எடுத்தான். டேரன் உற்சாகமாக ஹலோ சொன்னான், பின்னால் நாய் குரைத்தது. பிரஷாந்தன் ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொன்னான். அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது, பிழை என்னுடையது. தங்கச்சியின் கணக்கில் மட்டும் முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன், அதைச் சேர்த்தால் அவள்தான் டீமில் முதல் ஆள். அதையாவது சொன்னானே என்று மிருணாளினியின் கோபம் ஒரு நிமிடம் இறங்கியது.

மறுபக்கம் நாயை அதட்டும் சத்தம் கேட்டது. பிறகு டேரன் சிரித்தான். அட, இதுக்கா கவலைப்படுகிறாய்? அவளுடைய இடத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒருத்தி வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டாள், அது முடிந்த கதை. ஆனால் ஒன்று சொல்கிறேன், சொந்தத் தங்கச்சியிடமே நீ இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறாயே, இதனால்தான் இங்கே எல்லாரும் உன்னை நம்புகிறோம். அடுத்த சீசனிலிருந்து உன்னை முழுநேரமாக எடுக்க நினைத்திருக்கிறேன்.

"தேங்க் யூ," என்றான் பிரஷாந்தன்.

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து தானாக வந்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அதுதான் கொடுமை. குரலில் ஒரு சின்ன மகிழ்ச்சிகூட இருந்தது. போன் அணைந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியிருக்க வேண்டும். தலை நிமிரவில்லை.

டேரனின் வேகமான ஆங்கிலம் யோகராணிக்குப் பிடிபடவில்லை. மகனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னவாம் அவன்? சரி வருமாமோ?"

மிருணாளினி எழும்பிக் கையைக் கழுவினாள்.

"அண்ணா சரியான நல்ல பிள்ளையாம், அம்மா. நான் வேண்டாமாம்."