ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு ஓட்டு

சைபீரியாவின் அந்தச் சுரங்க ஊரில் ஃபாயினா ஒரு வீட்டுக்காக ஏங்கிக் கிடந்தாள். தேர்தலன்று நேரில் வந்து ஓட்டுப் போடும் முதல் ஆயிரம் பேருக்குக் கூப்பன் என்று அறிவித்திருந்தார்கள். குலுக்கலில் முதல் பரிசு, லிப்ட் வைத்த கட்டடத்தில் ஓரறை வீடு. பக்கவாதம் வந்த அவள் கணவன் வேன்யா, ஐந்தாம் மாடியை விட்டு இறங்கி இரண்டு வருடமாகிறது. அவள் வாக்காளர் பதிவு வேறு ஊரில் இருந்ததால் இங்கே ஓட்டு அவனுக்கு மட்டும்தான். ஆசை காட்டி இழுக்கிறார்கள் என்று தெரியாமலில்லை. தெரிந்தும் ஆசைப்பட்டாள்.

கீழ்வீட்டு ருஸ்லானும் அவன் மச்சானும் வேன்யாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"அண்ணே, பத்து கிலோ குறைச்சுட்டு ஓட்டுப் போட வரக்கூடாதா?" என்றான் ருஸ்லான்.

"வீடு பரிசா விழட்டும்டா, ஓட்காவுலயே குளிப்பாட்டுறேன்," என்றான் வேன்யா, குழறும் வாயால்.

வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தில் பதிவேட்டோடு இருந்த பெண், அடையாளத்துக்கு நீட்டிய பாஸ்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இவர் வீட்டுல ஓட்டுப் போடுறவங்க பட்டியல்ல இருக்காரே. ஓட்டுப் பெட்டி உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிப் போயிருக்கு."

ஃபாயினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கும் போன் செய்து பெட்டியை வரச்சொல்வது அவள் வழக்கம். இந்த முறையும் சொல்லியிருந்தாள். பரிசு அறிவிப்பு அடுத்த வாரம்தான் வந்தது. பெட்டி வேண்டாமென்று திரும்பப் போன் செய்ய அடியோடு மறந்துவிட்டாள்.

"ஆளு இங்கதானே உக்காந்திருக்காரு! இப்பவே குடுங்கம்மா."

"பெட்டி திரும்பி வந்து, அங்க போடலைன்னு அவங்க சொல்லணும். இல்லைன்னா என் வேலை போயிடும்."

பெட்டி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. கூப்பன் மேசையில் கட்டு இளைத்துக்கொண்டே வந்தது. தன் கூப்பனைப் பையில் திணித்த ருஸ்லான் தலையைச் சொறிந்தான்.

"ஷிப்டுக்கு நேரமாச்சுக்கா. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து மேல தூக்குறோம்."

ஃபாயினா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். வருகிறவர்களையெல்லாம் மனதுக்குள் சபித்தாள். கடைசிக் கூப்பனை ஒரு கிழவர் வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். அதற்குப் பிறகு அரை மணி கழித்துத்தான் பனி அப்பிய பூட்ஸோடு பெட்டிக்காரர்கள் வந்தார்கள்.

"உங்க வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிக் கையே வலிக்குது," என்று அவளிடமே சலித்துக்கொண்டார்கள்.

பதிவேட்டுப் பெண் வாக்குச்சீட்டை நீட்டினாள். ஃபாயினா நாற்காலியை மறைப்புக்குள் தள்ளி, நல்ல கையில் பேனாவைக் கொடுத்தாள். வேன்யா சீட்டிலிருந்த பெயர்களை வெகுநேரம் பார்த்தான்.

"ஃபாயா, யாருக்குப் போடணும்?"

இத்தனை நாளில் அதை அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.