எட்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டரில் காணாமல் போன இரண்டு மணி நேரம்

பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் நேரக்காப்பாளராக உட்கார்ந்தவனுக்கு ஒரு வியாதி வரும். அதே வழி, அதே தூரம், நேரம் மட்டும் கூடினால், "எங்கய்யா நிறுத்தினே?" என்று வாய் தானாகக் கேட்கும். ஓட்டுநர்கள் எனக்கு வைத்த பேர் 'நிமிஷம்'. நேரில் மட்டும் சார்.

நாலு வருடத்துக்கு முன் என் மகள் வேலைக்காக வெளிநாடு பறந்தபோதும் கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் இரண்டையும் குறித்து வைத்தேன். எட்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம். இப்போது முதல் தடவையாக விடுமுறைக்கு வருகிறாள்.

"பதினொன்றரை மணி நேரம்பா. மத்தியானம் மூணு மணிக்கு இறங்கிடுவேன்" என்றாள் போனில்.

நடுவில் எங்கும் நிற்காத விமானம். இரண்டு மணி நேரம் எங்கே போனது?

சந்தேகப்பட ஆள் தயாராக இருந்தது: அவள் அம்மா. ஏழு வருடமாகப் பிரிந்து, அவள் ஊரின் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. மகள் முதலில் யார் வீட்டுப் படியேறுவாள் என்று இருவருமே கேட்கவில்லை. ஒரு மணிக்கே இறங்கி, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு என் எதிரே வந்து "இப்பதாம்பா இறங்கினேன்" என்று சொன்னால்?

அரை நாள் விடுப்பு கேட்டேன். "சார், பிளேனுக்கும் மெமோ குடுக்கப் போறீங்களா?" என்றார் ஓர் ஓட்டுநர்.

பன்னிரண்டரைக்கு விமான நிலையம் போனால், வருகைக் கூடத்து பெஞ்சில் மடியில் பையோடு அவள் அம்மா.

"பிடிபட்டியா?"

"பிடிபட்டது நீங்க. பொண்ணை முன்னாடியே வரச்சொல்லி ஒளிச்சுக் கூட்டிட்டுப் போகப் பார்த்தீங்களா?"

"உன்கிட்ட எத்தனை மணின்னு சொன்னா?"

"மூணு. போறப்ப ஒன்பதரை மணி நேரம்தானே ஆச்சு? அதான் நம்பல."

விசாரணை மேசைப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். "எதிர்க்காத்து சார். போறப்ப பின்னாடியிருந்து தள்ளும், வர்றப்ப தடுக்கும். தினமும் இதே நேரம்தான்" என்றாள். என் ஓட்டுநர் எவராவது காற்று மேல் பழி போட்டிருந்தால் அன்றைக்கே மெமோ கிழித்திருப்பேன்.

"என்னவாம்?"

"காத்தாம்."

"நம்பிட்டீங்களா?"

"யோசிக்கிறேன்."

பையை நகர்த்தி இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

"முடியைக் காதுவரைக்கும் வெட்டிக்கிட்டாளாம்" என்றாள்.

"என்கிட்ட சொல்லலையே. உனக்குத் தெரியுமா, மாடிப்படியில விழுந்து முட்டி வீங்கிடுச்சு அவளுக்கு?"

"ஐயோ, எப்போ?"

அவரவரிடம் மகள் எதை மறைத்தாள் என்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டோம். பலகையில் விமானம் இறங்கியதாக எழுத்து மாறியது. மூன்று மணி, சுத்தமாக.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த மகள், ஒரே பெஞ்சில் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றோம் இருவரும் ஒரே குரலில். அதுதான் அவளை நிஜமாகவே பயமுறுத்தியது.

டாக்ஸியில் எங்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கே போகவேண்டும் என்றார் டாக்ஸிக்காரர். நான் இந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தேன், அவள் அம்மா அந்தப் பக்க ஜன்னலை.

"பக்கத்துல நல்ல ஹோட்டலா பார்த்து நிறுத்துங்கண்ணா" என்றாள் மகள். "இவங்க உண்மையைச் சொல்ற வரைக்கும் நான் யார் வீட்டுக்கும் வர்றதா இல்ல."

அவள் தலைக்கு மேலாக அவள் அம்மா என்னைப் பார்த்தாள். சொல்வதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை. அதை எவ்வளவு நேரம் இழுத்துச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.