கிடைத்த இடம்

ஆய்வுக்கூடத்தில் அவனைச் 'சல்லடை' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் கல்லை உடைத்து, பொடித்து, சலித்துக் கொடுப்பது அவன் வேலை. எங்கெங்கிருந்தோ கற்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு வரி: எண், தேதி, நிறம், எடை, கடைசியில் 'கிடைத்த இடம்'. இடம் சொல்லத் தெரியாமல் கல்லோடு வந்தவர் எத்தனை பெரிய ஆளானாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவான். அப்பேர்ப்பட்ட யோக்கியன், ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டான்.

அன்று அவன் கொண்டுபோனது சொந்த வீட்டுச் சுவரை.

அந்தச் சுவர் அப்பா எழுப்பியது. அப்பா கொத்தனார். வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றில் ரம்பத்தால் அறுக்க வருகிற வெள்ளைக் கல் கிடைத்தது. அதை அறுத்து அறுத்து நான்கு பெரிய அறைகள் கட்டினார். வெயில் காலத்தில் ஊரே வெந்துகொண்டிருக்க, அந்த வீட்டுக்குள் மட்டும் மண்பானைக்குள் இருப்பதுபோல் இருக்கும். கையில் காசு புரண்ட ஒரு வருடம், முற்றத்துக்கு முன்பக்கம் இரண்டு அறையில் ஒரு செங்கல் வீடும் கட்டினார். அது மதியம் ஆனால் அடுப்பு. அதில் தங்கையும், பஸ் ஓட்டுகிற அவள் புருஷனும், மகளும் இருந்தார்கள். கல் வீட்டில் சல்லடையும் அவன் மனைவியும் அவர்களுடைய ஆறு வயது மகளும்.

அப்பா நெஞ்சில் நீர் கோத்துச் செத்தார். சிகரெட் என்றார்கள். மூன்று வருடம் கழித்து அம்மாவும் அதே மாதிரி நீர் கோத்துச் செத்தாள். அவள் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை என்பதால் அடுப்புப் புகை என்றார்கள். பழி போட ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் மனிதர்கள் அதற்குமேல் கேள்வி கேட்பதில்லை. சல்லடையும் கேட்கவில்லை. அலமாரி மாட்ட ஆணி அடிக்கப் போய் சுவர் ஒரு கையகலம் பெயர்ந்ததும், உள்ளே வெடிப்பில் பஞ்சு பிரித்து வைத்ததுபோல் வெள்ளை இழைகள் தெரிந்ததும்தான் அவனுக்குத் தொழில் புத்தி வேலை செய்தது.

நுண்ணோக்கியில் பார்த்தான். ஒவ்வொரு இழையும் முடியைவிட மெல்லிய ஊசி. எடை போட்டு, சூடாக்கி, மறுபடி எடை போட்டான். எடை குறைந்தது; கல்லுக்குள் இருந்த நீர் போய்விட்டது. அப்படியே மேசைமேல் விட்டுவிட்டு மறுநாள் காலையில் எடை போட்டால், காற்றிலிருந்து நீரை உறிஞ்சிப் பழைய எடைக்கு வந்திருந்தது. வீடு ஏன் குளுமையாக இருக்கிறது என்பது அப்போது புரிந்தது. எக்ஸ்-ரே இயந்திரத்தில் வைத்தபோது பெயரும் வந்தது: எரியோனைட்.

ஆய்வுக்கூடத் தலைவி தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். எரிமலைச் சாம்பல் பழைய ஏரியில் விழுந்து, பல லட்சம் வருடம் ஊறினால் எப்போதாவது உண்டாகிற அபூர்வமான சாதி. இத்தனை வருட சர்வீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறாளாம். குஷியாக இவ்வளவையும் சொன்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பார்க்கத்தான் பஞ்சு மாதிரி. எமன்ப்பா இது. மூச்சுல ஒரு தடவை உள்ளே போச்சுன்னா வெளியே வராது. முப்பது வருஷம், நாற்பது வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கும். அப்புறம் நெஞ்சுல நீர் கோத்துக்கும். அதுக்கு மருந்து கிடையாது. எங்கே கிடைச்சுது? ஜனங்க இருக்கிற இடமா இருந்தா இன்னைக்கே காலி பண்ணணும்."

அப்பா, அம்மா, தன் நாற்பத்திரண்டு வருடம், மகளின் ஆறு வருடம் எல்லாம் சல்லடையின் கண்ணுக்கு முன்னால் வந்தன. கூடவே இன்னொரு கணக்கும் வந்தது. சொன்னால் கல் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். மிச்சம் இரண்டே அறை. அதில் ஏற்கெனவே தங்கை இருக்கிறாள். பாகம் இன்னும் பிரிக்கவில்லை.

"பழைய பெட்டியில கிடந்துச்சு மேடம். இடம் எழுதின சீட்டு இல்லை," என்றான்.

இடம் தெரியாத கல் வெறும் கல்தான் என்று அவள் பெருமூச்சு விட்டாள். காற்றுப் புகாமல் மூடித் தூக்கிப் போடச் சொன்னாள். மூடினான், தூக்கிப் போட்டான். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்த வாரமே பாகப் பேச்சை எடுத்தான். தங்கையைக் கூப்பிட்டு, பெரிய வீட்டை நீ எடுத்துக்கொள், எனக்குச் சின்ன வீடு போதும் என்றான். அவள் தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுத்துவிட்டு, அண்ணனுக்கு ஏதாவது உடம்பா என்பதுபோல் பார்த்தாள். நாலு அறை எங்கே, இரண்டு அறை எங்கே? மாப்பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிசைந்தார். சல்லடையின் மனைவி அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அவளிடமும் அவன் காரணம் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன் என்றார்கள். எமனைக் கூடப்பிறந்தவள் தலையில் கட்டிவிட்டுப் பெரிய மனசுக்காரன் என்று பேர் வாங்க எல்லோராலும் முடியாது.

மனசாட்சி என்று ஒன்று அவனுக்கும் இருந்தது. அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தான். தங்கையும் அந்த வீட்டில்தானே பிறந்து வளர்ந்தாள், போக வேண்டியது எப்போதோ உள்ளே போயிருக்கும், இனிமேல் புதிதாக என்ன என்று கேட்டுக்கொள்வான். தங்கை மகளுக்கு என்ன பதில் என்று மட்டும் கேட்டுக்கொள்ள மாட்டான்.

பத்திரம் பதிவானது. வீடு மாறினார்கள். மாறிய மறுநாளே, மகள் கல் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டான். படிப்பு கெடுகிறது என்று சொல்லிவைத்தான். அத்தை மகளோடு விளையாடப் போகிறேன் என்று அது அழுதது. கன்னத்தில் அறை வாங்கியது. முற்றத்தின் இந்தப் பக்கம் ஒரு குழந்தையும் அந்தப் பக்கம் ஒரு குழந்தையும் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். தங்கைக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பெரிய வீட்டை விட்டுக்கொடுத்ததில் அண்ணிக்கு வருத்தம், அதுதான் பிள்ளையை அனுப்பவில்லை என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. செங்கல் வீட்டில் சல்லடையின் மகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. பத்து நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று மனைவி கிளம்ப, அவனும் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒரு சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் கூடவே போனான்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், குழந்தையின் அறை வெள்ளை வெளேரென்று இருந்தது. நான்கு சுவரிலும் தடிமனாகப் புதுப் பூச்சு. உள்ளே காலை வைத்த உடனே குளுகுளுவென்றது. பின்னாலேயே தங்கை ஓடி வந்தாள். தலை, புருவம், ரவிக்கைக் கை எல்லாம் வெள்ளைப் பொடி. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்பா பண்ணுவாரே, அதே மாதிரிதான் அண்ணா. எங்க வீட்டு உள்சுவரைச் சுரண்டி, சலிச்சு, சுண்ணாம்பும் பசையும் கலந்து பூசினேன். எனக்கு மட்டும் குளுமை, பிள்ளைக்கு வேர்க்குருவான்னு மனசே கேட்கலை. நீ எனக்குச் செஞ்சதுக்கு நான் வேற என்ன செய்ய முடியும்?"

மகள் கன்னத்தைச் சுவரில் வைத்து, "அப்பா, ஜில்லுனு இருக்கு," என்றது.

சல்லடை குழந்தையைப் பிடுங்கி எடுத்தான். சுண்ணாம்பு வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சு இழுக்கும் என்று உளறிவிட்டு, மனைவியையும் மகளையும் வந்த காலோடு திரும்ப அனுப்பினான். தங்கையின் முகம் விழுந்துவிட்டது. தெரியாமல் பண்ணிவிட்டேன், தெரியாமல் பண்ணிவிட்டேன் என்று முற்றத்திலேயே நின்று புலம்பினாள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்திலிருந்து முகமூடி எடுத்துவந்தான். இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த நல்ல முகமூடி. சுவரில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டினான். ஈரத்தில் பூச்சு களியாகிக் கொத்துக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் ஒரு சாண்தான் வந்தது. வாசலில் நிழல் விழுந்தது. தங்கை.

"என்னண்ணா, பூச்சாண்டி வேஷம்?"

"தூசி ஆகலை," என்றான் முகமூடிக்குள்ளிருந்து.

"நான் பத்து நாளாச் சுரண்டினேன். மூக்குல துணிகூடக் கட்டலை. எனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் கையை நீட்டினாள். "குடு கரண்டியை. என்னாலதானே இந்தக் கஷ்டம்? தண்ணி தெளிச்சா வராதுண்ணா. காய்ஞ்சாத்தான் பொலபொலன்னு கொட்டும். நனையாத சுவர்ல இப்பவே ஆரம்பிச்சு நானே முடிச்சுடறேன்."

அவனுக்குத் தொண்டைவரை வந்தது. ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னால், எப்போது தெரியும் என்று கேட்பாள். பதிவேட்டிலும் தேதி இருக்கிறது, பத்திரத்திலும் தேதி இருக்கிறது. அவள் கொத்தனார் மகள், கணக்குப் பார்க்கத் தெரியாதவள் இல்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக.

கரண்டியை அந்தக் கையில் வைத்தான்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். "கதவைச் சாத்திடுண்ணா. தூசி வெளியே வந்தா உனக்கு ஆகாது," என்றாள்.

சாத்தினான். கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தான்.