பதினாலாம் நம்பர் வில்லா

மதியம் இரண்டு மணிக்கு டூட்டி மாறும்போது பெண்கள் வார்டில் ஒரு பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெரிய சிஸ்டர் படுக்கை படுக்கையாக நடந்து வருவாள். விரிப்பில் சுருக்கம் இருந்தால் ஒரு திட்டு. குளுக்கோஸ் பாட்டிலில் நேரம் எழுதாமல் விட்டிருந்தால் இரண்டு திட்டு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். டாக்டர்களே அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நோயாளியைப் படுக்கை மாற்றுவார்கள். அப்படிப்பட்டவள் அன்று சுற்றி முடித்ததும் நர்ஸ்கள் அறைக்குள் போய், கைப்பையிலிருந்து வழவழப்பான ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"பாருங்கடி. தீவு. சுத்திலும் கடல். இதுல முப்பது வில்லா கட்டி, லீவுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடப் போறாங்க. நாம ஒரு பங்கு வாங்கிப் போட்டா மாசாமாசம் வாடகை வீடு தேடி வரும். வருஷத்துல ஒரு வாரம் நாமளே போய் ராணி மாதிரி தங்கிட்டு வரலாம்."

ஓரமாக நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ஆயம்மா எட்டிப் பார்த்தாள். "வில்லான்னா என்ன சிஸ்டர்? வில்லனுக்கு ஏதாச்சும் சொந்தமா?"

அறையே சிரித்தது. பெரிய சிஸ்டரும் சிரித்தாள். சில நேரம் தெரியாமல் கேட்கிற கேள்விதான் சரியான கேள்வி. ஆனால் படித்தவர்கள் கூட்டத்தில் அதற்குச் சிரிப்புதான் கிடைக்கும்.

ஆயம்மா அந்த வார்டுக்கு முப்பத்தொரு வருஷமாகத் தரை துடைப்பவள், நோயாளியைத் தூக்குபவள், குளிப்பாட்டுபவள். பெரிய சிஸ்டர் புது நர்ஸாக வந்து முதல் பிணத்தைப் பார்த்து மயங்கி விழுந்தபோது தண்ணீர் தெளித்து எழுப்பியவளும் அவள்தான். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. பிள்ளை குட்டி கிடையாது. தம்பி வீட்டுச் சமையலறையில், எல்லோரும் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிய பிறகு, ஈரத் தரையைத் துடைத்துப் பாய் விரிக்கிற வாழ்க்கை. இன்னும் மூன்று வாரத்தில் அவளுக்கு ஓய்வு. கையில் வரப்போகிற பணத்துக்கு அவளிடம் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு ரூம். உள்ளேயே குழாய். கதவைச் சாத்தினால் யாரும் தட்டாமல் உள்ளே வரக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் அப்படி ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதைப் போய் ஆறு தடவை பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஆறாவது தடவை வீட்டுக்காரரே, "அம்மா, சுவரு எங்கயும் ஓடிடாது" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ரூமைத்தான் பெரிய சிஸ்டர் கெடுத்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. கெட்ட எண்ணத்தில் கெடுப்பவர்களை ஊர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

அவளுடைய மகளைக் கட்டிய மாப்பிள்ளை நாலு வேலை மாறி, ஐந்தாவதாக இந்தத் தீவுக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். சம்பளம் குறைவு, மாப்பிள்ளை முறுக்குக்கு மட்டும் குறைவில்லை. ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு. முதலில் மாமியாரையே சேர்த்தார். பதினாலாம் நம்பர் வில்லாவில் பத்தில் ஒரு பங்கு. ஆறு மாசம் தேதி தவறாமல் வாடகை வந்தது. கட்டி முடிக்காத வீட்டுக்கு யாரடா வாடகை தருகிறார்கள் என்று பெரிய சிஸ்டருக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. வருகிற பணத்தை யார் ஏன் என்று கேட்பார்கள்? அந்தச் சந்தோஷத்தில் நாலு நர்ஸ்களையும் சேர்த்துவிட்டாள்.

"அத்தை, இன்னும் ஒரே ஒரு ஆள். உங்களை விட்டு அஞ்சு பேர் ஆயிட்டா என்னை மேனேஜர் ஆக்கிடுவாங்க," என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை மேனேஜர் ஆனால் மகள் மாமியார் வீட்டில் தலை நிமிர்ந்து நடப்பாள். ஐந்தாவது ஆள் யார் என்று பெரிய சிஸ்டர் தேடவே வேண்டியிருக்கவில்லை. வாளியோடு எதிரில் வந்தாள்.

"ரூம் வாங்கி என்ன ஆயம்மா பண்ணப் போறீங்க? சுவரு சோறு போடுமா? இதுல போட்டா ரெண்டு வருஷத்துல ரெண்டு ரூம் வாங்கலாம்."

ஆயம்மா யோசித்தாள். முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர்," என்றாள். இருபத்தெட்டு வருஷமாக அவள் சொல்லி வந்த வாக்கியம் அது.

மாப்பிள்ளையே படிவத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கடைசிப் பக்கத்தில், 'இடத்தை நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தவர் கையெழுத்து' என்று ஒரு வரி இருந்தது. ஏற்கெனவே பணம் போட்ட ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

பெரிய சிஸ்டரின் பேனா கொஞ்சம் தயங்கியது. அவள் வார்டில் ஒரு சட்டம் உண்டு. வீரியமான மருந்தை ஒரு நர்ஸ் ஊசியில் ஏற்றினால், இன்னொரு நர்ஸ் பாட்டிலைத் தன் கண்ணால் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாரம்தான், படிக்காமலே போட்ட ஒரு சின்னப் பெண்ணை எல்லார் முன்னாலும் அழ வைத்திருந்தாள். இப்போது 'நீங்க அந்த இடத்தைப் போய்ப் பாத்தீங்களா?' என்ற கேள்வி அவள் தொண்டை வரைக்கும் வந்தது. மாப்பிள்ளையிடம் அப்படிக் கேட்பதா? கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகும். சந்தேகப்பட்டால் அவமானம். அந்த அவமானத்துக்கு வட்டி கட்ட வேண்டியவள் மகள்.

"அது சும்மா ஒரு வழக்கத்துக்கு அத்தை. எல்லாரும் போடுறதுதான்."

போட்டாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஆயம்மா தன் பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டாள்.

ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் அப்படியே தீவுக்குப் போயிற்று. ஆயம்மாவுக்கு இரண்டு மாசம் வாடகை வந்தது. மூன்றாம் மாசம் புயல் என்றார்கள். நாலாம் மாசம் சீசன் இல்லை என்றார்கள். ஐந்தாம் மாசம் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றார்கள். ஆறாம் மாசம் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். "கம்பெனின்னா முன்னப்பின்னதான் இருக்கும் அத்தை," என்ற மாப்பிள்ளையும், பிறகு குளியலறையில் இருப்பதாக மகளை விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். மனுஷன் எத்தனை தடவைதான் குளிப்பார்?

பெரிய சிஸ்டர் மூன்று நாள் லீவு போட்டாள். வீட்டில் கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போய், அங்கிருந்து படகு பிடித்தாள்.

தீவு இருந்தது. கடலும் இருந்தது. புத்தகத்தில் பார்த்த தென்னை மரங்கள் அப்படியே இருந்தன. அவை மட்டும் பொய் சொல்லவில்லை. கரையில் ஒரு வில்லா அழகாக நின்றது. அருகில் போய்ப் பக்கவாட்டில் பார்த்தாள். முன்பக்கச் சுவரும் ஒரு வாசற்படியும் மட்டும்தான். சுவர் விழாமல் பின்னால் நாலு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நீச்சல் குளத்தில் ஓடு பதித்திருந்தது. உள்ளே ஆடு படுத்திருந்தது. அதற்கப்பால் வெறும் மணல். மணலில் வரிசையாக நம்பர் எழுதிய கற்கள்.

"எந்த நம்பர்ம்மா?" என்றார் படகுக்காரர். அவர் அவசரப்படுத்தவில்லை. பழகியவர் போலத் தெரிந்தது.

"பதினாலு."

"பதினாலா? இந்த மாசத்துல மட்டும் நாப்பது அம்பது பேரு பதினாலைத் தேடி வந்துட்டாங்க. மத்த நம்பருக்கு ஒருத்தரும் வரல. வித்தவனுக்கு அந்த ஒரு நம்பர்தான் வாயில வந்துச்சு போல."

பதினாலாம் கல்லின் மேல் பெரிய சிஸ்டர் உட்கார்ந்தாள். ஒரு ஆள் சரியாக உட்காரக்கூட இடம் போதாத கல். தன் பணம் போனதைப் பற்றி அவள் நினைக்கவில்லை, அல்லது நினைக்கத் தைரியம் வரவில்லை. இரண்டாவது தெருவில் இருந்த அந்த ரூம்தான் கண்ணுக்குள் நின்றது. அதை வேறொரு குடும்பம் வாங்கிக் குடி வந்து, வாசலில் செருப்பு கிடந்ததைப் போன வாரம்தான் அவள் பார்த்திருந்தாள். வாய்விட்டு அழுதாள். படகுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பி வந்து நேராக மகள் வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை குளியலறைக் கதவு முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வெளியே வர வேண்டியதாயிற்று.

"நீங்க அந்த இடத்தைப் பாத்திருக்கீங்களா மாப்பிள்ளை?"

அவர் துண்டைப் பிழிந்தார். பிழிந்த துண்டையே திரும்பவும் பிழிந்தார். "இல்ல அத்தை. போட்டோதான் காட்டுனாங்க. மேலிடத்துல கேட்டா நம்பிக்கை இல்லையான்னு கோச்சுக்குவாங்க. அதான் கேக்கல." பிறகு, குற்றத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே, "நீங்க ஒரு தடவை கேட்டிருந்தா நானும் போய்ப் பாத்திருப்பேன்," என்றார்.

மகள் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு போனும் செய்யவில்லை. அம்மா வந்து தன் புருஷனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுவிட்டாளாம். எந்த அவமானத்துக்குப் பயந்து பேனாவை ஓட்டினாளோ, அந்த அவமானம் ஒன்றுக்கு இரண்டாக வந்து சேர்ந்தது.

போலீசில் புகார் வாங்கிக்கொண்டார்கள். "உங்களுக்கு முன்னால நானூறு பேர் இருக்காங்கம்மா," என்றார் எழுதியவர். கம்பெனி அலுவலகத்தில் இப்போது ஒரு முடிதிருத்தும் கடை நடக்கிறது. நாலு நர்ஸ்களும் பெரிய சிஸ்டரிடம் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. அவள் வந்தால் நர்ஸ்கள் அறையில் பேச்சு நின்றுவிடும்.

ஒரு திங்கட்கிழமை, துப்புரவு கான்ட்ராக்டர் புதிதாக ஆறு பேரை அனுப்பியிருந்தார். வேலை பிரித்துக் கொடுக்கப் போன பெரிய சிஸ்டர் வரிசையில் கடைசியில் நின்றவளைப் பார்த்துக் கையிலிருந்த தாளைத் தவறவிட்டாள். ஆயம்மா. யாரோ ஒருத்தி போட்டுக் கழித்த பச்சைச் சட்டை, தோளில் தொளதொளவென்று தொங்கியது. அறுபது வயதில், பாதிச் சம்பளத்தில், முப்பத்தொரு வருஷம் துடைத்த அதே தரையைத் துடைக்க வந்திருந்தாள்.

மற்றவர்கள் போன பிறகு, கழிவறை வாசலில், பெரிய சிஸ்டர் அவள் கையைப் பிடித்தாள்.

"தம்பி வீட்டுல என்ன சொன்னாங்க?"

"தம்பி ஒண்ணும் சொல்லல. அவன் பொண்டாட்டிதான், உங்களுக்குத்தான் தீவுல வீடு இருக்கே, அங்கயே போய்ப் படுத்துக்கங்கன்னுச்சு. இப்ப துணி துவைக்கிற இடத்துக்குப் பின்னாடி, வேலைக்காரங்க ஏழு பேரோட படுத்துக்கிறேன். ஈரம் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"என்னைத் திட்டுங்க ஆயம்மா. ஒரு வார்த்தையாச்சும் திட்டிடுங்க."

"திட்டுறதுக்குத் தெம்பு இல்ல சிஸ்டர். இன்னும் மூணு கழிவறை இருக்கு."

"என் சம்பளத்துல மாசாமாசம் கொஞ்சம் குடுத்துடுறேன்."

"குடுங்க, வாங்கிக்கிறேன். வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்ல. ஆனா அதுல ரூம் வராது. அது வரைக்கும் நான் இருக்க மாட்டேன். அது உங்களுக்கும் தெரியும்."

தெரியும். கணக்குப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். பெரிய சிஸ்டர் சுவரில் சாய்ந்தாள். தப்பு செய்தவனுக்குத் தண்டனை என்று ஒன்று கிடைத்தால் அது ஒரு நாள் முடியும். இது முடியாது. தினமும் காலை ஏழு மணிக்கு இந்தப் பச்சைச் சட்டை வார்டுக்குள் வரும். தினமும் அவள்தான் அதற்கு வேலை சொல்ல வேண்டும்.

"நான் என்னதான் செய்யணும் ஆயம்மா?"

ஆயம்மா வாளியைத் தூக்கிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"இங்க இருக்கிற சின்னப் பொண்ணுங்ககிட்டயாச்சும் சொல்லுங்க. பணம்னு வந்துட்டா, போடச் சொல்றது மாப்பிள்ளையா இருந்தாலும் சரி, பெரிய சிஸ்டரா இருந்தாலும் சரி, உங்க கண்ணால பாத்தீங்களான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கணும். அப்புறம் தானும் ஒரு தடவை போய்ப் பாக்கணும். உங்களுக்கு மாப்பிள்ளையைக் கேக்க மரியாதை தடுத்துச்சு. எனக்கு உங்களைக் கேக்க மரியாதை தடுத்துச்சு. ரெண்டு பேரு மரியாதையும் பத்திரமா இருக்கு சிஸ்டர். என் வீடுதான் போச்சு."